நீச்சல்குளத்துக்கு ஒரு ஜன்னல்

சாப்பாட்டு மேசையின்மேல் ஒரு துண்டை விரித்து, அதன்மேல் நான்கு கட்டிகளை வரிசையாக வைத்தார் வந்தவர். ஒவ்வொன்றும் செங்கல் அளவு. மூன்று கட்டிகள், விரல் வைத்தால் உள்ளே போய்விடுமோ என்று தோன்றும்படி தெளிவாக இருந்தன. நாலாவதின் விளிம்பில் மட்டும் லேசாகப் பச்சை ஓடியது.

"மொதல்ல ஒண்ணு சொல்லிடறேம்மா. என்னைக் கண்ணாடிக்காரர்னு சொல்லாதீங்க," என்றார். சமையல்காரம்மா வாசலிலிருந்து அப்படித்தான் கூவியிருந்தாள். "இந்தப் பச்சை ஒண்ணுதான் கண்ணாடி. மத்த மூணும் அக்ரிலிக். இருபது வருஷமா கண்ணாடி வேணாம் வேணாம்னு சொல்லியே பொழைக்கிறேன். ஆனா போற வீட்டுல எல்லாம் எனக்குக் கண்ணாடிக்காரர்னுதான் பேரு."

வீட்டுக்கார அம்மாவான பல் டாக்டர் சிரித்தாள். அவளுக்கும் அதே கதிதான், அவளையும் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கணவர்கூட நல்ல மனநிலையில் இருந்தால் "என்ன டாக்டரம்மா" என்பார், இல்லாவிட்டால் வெறும் "இந்தாம்மா". அன்று காலை கிளினிக்குக்கு வர வேண்டிய மூன்று பேரை மறுநாளைக்குத் தள்ளிவிட்டு அவள் வீட்டில் இருந்ததே அவர் சொன்னதனால்தான். "ஜன்னலை நீயே தேர்ந்தெடு. எனக்கு ரசனை கிசனை எல்லாம் கிடையாது," என்று சொல்லிவிட்டு வேலைத்தளத்துக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

அவர் கட்டடக் காண்ட்ராக்டர். வசதியானவர்களுக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுத்துக் கொடுத்து, கடைசியில் சரிவான ஒரு மனையில் தனக்கும் ஒன்று கட்டிக்கொண்டார். மேல்தளத்து முற்றத்தில் நீச்சல்குளம். சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் மதில். சரிவில் கட்டிய வீடு என்பதால், குளத்தின் ஒரு பக்கச் சுவரே கீழ்த்தளத்துப் பெரிய ஹாலுக்கும் சுவர். அந்தச் சுவரை வெட்டி ஜன்னல் வைத்துவிட்டால், ஹால் சோபாவில் சாய்ந்தபடியே தண்ணீருக்குள் நடப்பதைப் பார்க்கலாம். வீடு கட்டச் சொல்லி வருகிறவர்களை இனி ஆபீசில் உட்கார வைக்கப்போவதில்லை, இங்கேதான் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "நம்ம வீட்டை விட நமக்கு வேற விளம்பரம் எதுக்கு?"

சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் குளத்தில் நீந்துகிற ஒரே ஆள் அவள்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவளுக்கு வலது மார்பை எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது. கை தப்பவில்லை. தோளுக்கு மேலே எழும்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது. பல் டாக்டருக்குக் கைதானே பிழைப்பு? மேல்வரிசையில் கடைசிப் பல்லைப் பிடுங்க வேண்டுமென்றால் முழங்கையைத் தூக்கித்தான் ஆக வேண்டும். அறுவை செய்த டாக்டர் நீந்தச் சொன்னார். படிக்கிற காலத்தில் போட்டிகளில் நீந்தியவள் அவள். விடிந்தும் விடியாத வேளையில் மேலே போவாள். நாளெல்லாம் உடைக்குள் வைத்துக்கொள்ளும் பொய் மார்பைக் குளியலறை அலமாரியிலேயே விட்டுவிட்டு, ஒரு பக்கம் துவண்டு தொங்கும் பழைய நீச்சல் உடுப்போடு தண்ணீரில் இறங்குவாள். முக்கால் மணி நேரம். அதுவரை அவள் யாருக்காகவும் எதையும் சரிசெய்துகொள்ள வேண்டியதில்லை. முதல் மாதம் கை பாதிதான் எழுந்தது. ஆறாம் மாதம் காதைத் தொட்டது. அன்று தண்ணீருக்குள்ளேயே அழுதாள். அழுதது அவளுக்கே தெரியவில்லை. மூக்கு எரிந்ததால்தான் தெரிந்தது.

கணவர் அந்தத் தழும்பைப் பார்த்ததில்லை. அவர் கேட்கவில்லை, அவளும் காட்டவில்லை. கட்டு மாற்ற நர்ஸ் வரும் நேரத்தில் அவருக்குச் சொல்லி வைத்தாற்போல் போன் வரும். ஆனால் ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் நாற்காலியிலேயே தூங்கியவரும் அவர்தான். அதையும் சொல்லாவிட்டால் பாவம். வீட்டுக்கு வந்தபின், "நான் புரண்டு படுத்தா உனக்குக் கை வலிக்கும்" என்று பக்கத்து அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டார். கை சரியான பிறகும் படுக்கை திரும்பி வரவில்லை.

"சின்னதா வைக்க முடியுமா?" என்று கேட்டாள்.

"எவ்வளவு சின்னதும்மா?"

"கப்பல்ல இருக்குமே, வட்டமா. அந்த மாதிரி ரெண்டு."

கண்ணாடிக்காரர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "சார் சுவர் முழுக்கன்னாரே. அஞ்சு மீட்டர்."

"என்னைத்தானே தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கார்?"

"அதுவும் சரிதான்."

"கொஞ்சம் மங்கலா, கலர் போட்டு?"

"போடலாம். ஆனா தெரியறதுக்குத்தானே ஜன்னல்? கண்ணையும் தொறக்கணும், மூடியும் இருக்கணும்னா எப்படிம்மா?" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். தொழிலில் ஆசை உள்ள மனிதர். பச்சைக் கட்டியைத் தூக்கி அவளிடம் கொடுத்தார். "கனம் ஏற ஏறக் கண்ணாடிக்குப் பச்சை ஏறிடும். அக்ரிலிக் நாலு விரக்கடை கனம் இருந்தாலும் வெறுங்காத்து மாதிரி. கீறல் விழுந்தாலும் தேய்ச்சு எடுத்துடலாம். இன்னொரு விசேஷம் இருக்கு. தண்ணிக்குள்ள இருக்கறது, பாக்கறவங்களுக்குக் கொஞ்சம் பெருசாவும் கிட்டத்துலயும் தெரியும். கையை நீட்டினா தொட்டுடலாம் போல இருக்கும்."

"உள்ள இருக்கறவங்களுக்கு?"

"அவங்களுக்கு இந்தப் பக்கம் அவ்வளவா தெரியாது. ஹால் இருட்டா இருந்தா ஒண்ணுமே தெரியாது."

"திரை போடலாமா?"

"போடலாமே! பட்டனை அழுத்தினா மேலேருந்து தானா இறங்கும்."

"பட்டன் எந்தப் பக்கம் இருக்கும்?"

அவருக்குக் கேள்வி புரியவில்லை. "ஹால் பக்கம்தாம்மா. தண்ணிக்குள்ள போயி யாராவது கரண்ட் வைப்பாங்களா?"

அவள் கட்டியைத் துண்டின்மேல் வைத்தாள். இரண்டு வட்ட ஜன்னல் என்று எழுதிக்கொள்ளச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். எழுதும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கணவர் அவளையும் தன் அக்காவையும் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு பெரிய ஹோட்டலுக்கு அழைத்துப்போனார். அங்கே கண்ணாடிக்காரர் போன வருஷம் பொருத்திய ஜன்னல் இருந்தது. காபி சாப்பிடும் கூடத்தின் ஒரு சுவர் முழுக்கத் தண்ணீர். ஓரத்தில் இருந்த மேசையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள்.

"அடேயப்பா, மனுஷனுக்கு மீன் தொட்டி கட்டியிருக்கான்," என்றாள் நாத்தனார். நாத்தனாருக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசு மோசமில்லை. பல் டாக்டர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது வீட்டைக் கட்டிக் காத்தவள்.

தண்ணீரில் ஒரு பெண் நீந்திக்கொண்டிருந்தாள். தலை தண்ணீருக்கு மேலே இருந்ததால் முகம் தெரியவில்லை. கழுத்துக்குக் கீழேதான் அந்தக் கூடம் முழுவதற்கும் தெரிந்தது. வயிறு, தொடை, பாதங்கள். நின்றபடி ஒரு கையால் உடுப்பின் பின்பக்கத்தை இழுத்து விட்டுக்கொண்டாள். தன் வீட்டுக் குளியலறையில் செய்வதுபோல் அவ்வளவு சாவகாசமாக. பக்கத்து மேசையில் இரண்டு ஆண்கள் பேச்சை நிறுத்திப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் ஏதோ சொல்ல, மற்றவர் சிரித்தார்.

"எவ்வளவு துல்லியம் பாரு!" என்றார் கணவர். அவர் பார்த்தது அந்தப் பெண்ணை அல்ல, ஜன்னலின் ஓரத்தை. இரண்டு பலகைகள் சேர்ந்த இடத்தில் கோடு தெரிகிறதா என்று எழுந்து போய் விரலால் தடவினார். "ஒட்டு எங்கேன்னே தெரியலையே. கை வேலைன்னா இது."

பல் டாக்டர் காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். அந்தப் பெண் சுவரோரம் வந்து, தண்ணீருக்குள் மூழ்கி, கண்ணைத் திறந்து இந்தப் பக்கம் பார்த்தாள். அந்தப் பார்வை யார்மேலும் படவில்லை. மறுபடி மேலே போய்விட்டாள்.

நாத்தனாரை அவள் வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, இனியும் மென்று விழுங்கினால் ஆகாது என்று பல் டாக்டர் வாயைத் திறந்தாள்.

"என்னங்க, அந்த ஜன்னல் நமக்கு வேண்டாம்."

"ஏன், பிடிக்கலையா? நல்லாத்தானே இருந்துது?"

"நல்லா இருந்துது. அதனாலதான் சொல்றேன். குளத்துல நான்தானே நீந்தறேன்?"

"ஆமா."

"எப்படி நீந்தறேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே யோசித்தார். அவள் காத்திருந்தாள். சிக்னலில் வண்டி நின்றது, மறுபடி கிளம்பியது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கைகள் இறுகியதை அவள் பார்த்தாள். அதுவரை அவருக்கு அந்தத் தழும்பு நினைவிலேயே இல்லை என்பது அந்தக் கைகளைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கியது. அவர் மறைத்து வைத்திருக்கிறார், தாங்க முடியாமல் ஒதுங்கியிருக்கிறார் என்றெல்லாம் இரண்டு வருஷமாக அவள் நினைத்து வைத்திருந்தாள். அவர் மறந்தே போயிருந்தார்.

"அதுக்குன்னே தனியா உடுப்பு இருக்காமே," என்றார் கடைசியில். "உள்ள வச்சே தைச்சுத் தர்றாங்களாம். அக்கா சொன்னா."

"இருக்கு. தண்ணி குடிச்சுக் கனத்துப்போயிடும். அதோட கையைத் தூக்க முடியாது."

"அப்ப ஆளுங்க வர்ற நேரத்துல நீ நீந்தாதே. விடிகாலையில யாரு வரப்போறா? நான் மட்டும்தானே இருப்பேன்?"

"நீங்க பாப்பீங்களா?"

வீடு வரும்வரை அவர் முன்னால் போன லாரியைத்தான் திட்டிக்கொண்டு வந்தார்.

நாலு நாள் கழித்துக் கண்ணாடிக்காரர் வந்தார். இந்தத் தடவை கையில் கட்டிகள் இல்லை. ரப்பர் துண்டுகள் கோத்த ஒரு வளையம் இருந்தது. ஜன்னலைச் சுற்றி ஓடும் விளிம்புக்குக் கறுப்பு வேண்டுமா, சாம்பல் வேண்டுமா என்று கேட்டார்.

"ரெண்டு வட்டத்துக்கும் ஒரே கலரா?" என்றாள் அவள்.

அவர் வளையத்தை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். "அம்மா, சார் உங்ககிட்ட சொல்லலையா? அஞ்சு மீட்டர் பலகை, ரெண்டு துண்டா வார்த்து ஒட்டறதுக்கு ஏற்கெனவே சொல்லியாச்சு. நான் மொதல்ல உங்க வீட்டுக்கு வந்தேனே, அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே கையெழுத்துப் போட்டுட்டார். வார்த்துப் பதமா ஆற வைக்கவே ஒன்றரை மாசம் ஆகுமேம்மா."

"அப்ப நீங்க அந்தக் கட்டியெல்லாம் கொண்டு வந்தது?"

"அவங்களும் ஒரு தடவை பாக்கட்டும், மனசு குளிரும்னார் சார்." மனிதர் கூனிக் குறுகிப்போனார். "எனக்கும் அன்னைக்கே சொல்லணும்னு இருந்துது. உங்க வீட்டு விஷயம்னு விட்டுட்டேன்."

மாப்பிள்ளை யார் என்று முடிவாகி, நாளும் குறித்து, எல்லோருக்கும் சொல்லியும் விட்டபிறகு, பெண்ணைக் கூப்பிட்டு மாலைக்கு என்ன பூ வேண்டும் என்று கேட்பார்களே, அப்படி இருந்தது. அவள் வளையத்தை வாங்கி ஒவ்வொரு துண்டாகப் புரட்டினாள். கறுப்பு என்றாள். ஏன் கறுப்பு என்று அவரும் கேட்கவில்லை.

சாயங்காலம் கணவரிடம் கேட்டாள். அவர் மழுப்பவில்லை. "ஆமா, போட்டுட்டேன். உனக்குப் பிடிக்கும்னுதான் நெனச்சேன். நீ தண்ணியில இறங்கினா மீன் மாதிரி இருப்பே. கல்யாணமான புதுசுல பாத்தது இன்னும் கண்ணுலயே நிக்குது. அதத்தான் பாக்கணும்னு..." பாதியில் நிறுத்தி, எழுந்து போய் முகம் கழுவினார். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

குளத்தை வடித்தார்கள். சுவரை வெட்டினார்கள். வெட்டிய பக்கங்களுக்குத் தண்ணீர் கசியாத பூச்சுப் பூசிக் காயவிட்டார்கள். முக்கால் டன் பலகை கிரேனில் தொங்கிக்கொண்டு மதிலைத் தாண்டி வந்தபோது தெருவே வேடிக்கை பார்த்தது. கறுப்பு விளிம்பு வைத்து, பசை போட்டு, அது இறுகும்வரை யாரும் தொடக்கூடாது என்றார்கள். ஹால் பக்கம் பட்டன் வைத்த திரையும் மாட்டினார்கள். எல்லாமாக ஏழு வாரம். அந்த ஏழு வாரமும் அவள் தரையில் நின்று சுவரில் விரல்களை ஏற்றி ஏற்றிப் பயிற்சி செய்தாள். தண்ணீர் தாங்கிய கையைச் சுவர் தாங்கவில்லை. காது வரை வந்த கை, கன்னத்தோடு நின்றது.

ஆனால் அந்த ஏழு வாரத்தில் அவளுக்குள் வேறொன்று முளைத்தது. ஒரு தடவை பார்த்துவிடட்டுமே என்று தோன்ற ஆரம்பித்தது. இரண்டு வருஷமாக இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சுற்றிச் சுற்றி நடந்தாயிற்று. அறைக்குள், வெளிச்சத்தில், எதிரெதிரே நின்று அவளால் காட்ட முடியாது. அவராலும் நின்று பார்க்க முடியாது. நடுவில் நாலு விரற்கடை அக்ரிலிக் இருந்தால் ஒருவேளை முடியும். தண்ணீருக்குள் அவள் பழைய ஆள்தானே? மீன் என்று அவரே சொல்லவில்லையா? இப்படி நினைக்க நினைக்க, வேண்டாம் என்று சொன்ன அந்த ஜன்னலையே அவள் எதிர்பார்க்கத் தொடங்கினாள். மனசு இருக்கிறதே, அதைப்போல் மானங்கெட்டது ஒன்று கிடையாது.

தண்ணீர் நிரம்பிய அன்று சாப்பாட்டு மேசையில் சொன்னாள். "நாளைக்குக் காலையில நீந்தப்போறேன். நீங்க கீழ ஹால்ல இருப்பீங்களா?"

அவர் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே விட்டார். "இருக்கேனே," என்றார். பிறகு, "நிச்சயமா இருக்கேன்."

விடிகாலையில் அவள் மேலே போனாள். அலமாரியைத் திறக்கவில்லை. அதே பழைய உடுப்பு. நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். தண்ணீர் புதுசு, பல் கிட்டும் குளிர். நாலு தடவை குறுக்கே நீந்தினாள். ஜன்னல் பக்கம் திரும்பவேயில்லை. கை எழ மறுத்தது, அவள் விடவில்லை. ஐந்தாம் தடவை மூச்சை இழுத்துக்கொண்டு மூழ்கி, நேராக ஜன்னலுக்குப் போனாள்.

கீழே ஹாலின் வாசல் பக்கத்திலிருந்து கொஞ்சம் வெளிச்சம் விழுந்திருந்தது. அதில் ஒரு வெள்ளைச் சட்டை தெரிந்தது. அவர் இருந்தார். சொன்னபடி இருந்தார். நாற்காலியின் நுனியில், கையில் கோப்பையோடு. முகம் தெரியவில்லை, வெறும் ஒரு நிழல்தான். அவள் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, உடம்பை அவர் பக்கம் முழுவதுமாகத் திருப்பினாள். துவண்ட துணி தண்ணீரில் ஒதுங்கியது. அவள் அதை இழுத்து விடவில்லை. அப்படியே நின்றாள்.

வெள்ளைச் சட்டை எழுந்தது. கிட்டே வரப்போகிறார் என்று நினைத்தாள். மூச்சு முட்டியது, இருந்தும் மேலே போகவில்லை. சட்டை ஜன்னலுக்கு வராமல் பக்கத்துச் சுவருக்குப் போனது. மேலேயிருந்து சாம்பல் நிறத்தில் ஏதோ இறங்கத் தொடங்கியது. மெதுவாக, சத்தமே இல்லாமல், ஒரே சீராக. முதலில் அவர் தலையை மறைத்தது, பிறகு தோள், பிறகு இடுப்பு. கடைசியில் செருப்புப் போட்ட இரண்டு பாதங்கள் மட்டும் கொஞ்ச நேரம் நின்றன. அப்புறம் அதுவும் இல்லை.

காலைச் சாப்பாட்டின்போது அவரே பேச்சை எடுத்தார். "நீ நீந்தறப்ப யாரும் பாக்கக் கூடாதுன்னு அன்னைக்கு கார்ல சொன்னே இல்ல? அதான் திரையை இறக்கிட்டேன். சமையல்காரம்மா வேற ஹாலைப் பெருக்க வர்ற நேரம்." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அது நிஜமாகவும் இருக்கலாம். சமையல்காரம்மா அந்த நேரத்தில் பெருக்க வருவது உண்மைதான். அவர் கண் ஏன் சிவந்திருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் தூக்கம் இல்லை என்பார், அதுவும் நிஜமாகவே இருக்கும். கேட்டுத் தெரிந்துகொள்ள இனி ஒன்றும் இல்லை என்று இருந்தது அவளுக்கு. "சரிங்க," என்றாள். கிளினிக்குக்குப் புறப்பட்டுப் போனாள்.

அதன்பின் அவள் குளத்தில் இறங்கவில்லை. யாரும் இறங்காதே என்று சொல்லவில்லை, ஏன் இறங்கவில்லை என்றும் யாரும் கேட்கவில்லை. ஹாலில் ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். வீடு கட்டப்போகிறவர்களின் பிள்ளைகள் தண்ணீரில் குதித்து ஜன்னலில் மூக்கை அமுக்கிச் சேட்டை செய்தார்கள். பெரியவர்கள் கைதட்டினார்கள். கணவர் எல்லோருக்கும் ஒட்டு எங்கே இருக்கிறது கண்டுபிடியுங்கள் பார்க்கலாம் என்று பந்தயம் வைத்தார். ஒருநாள் நாத்தனார் மட்டும் அவளைச் சமையலறைக்கு இழுத்துப்போய், "ஏம்மா, நீ இறங்கறதே இல்லையாமே?" என்றாள். "நேரம் இல்லை அண்ணி," என்றாள் இவள். நாத்தனார் அவள் வலது தோளைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆறு மாதப் பரிசோதனைக்குப் போனபோது அறுவை செய்த டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார். தாடை வரை வந்தது.

"நீச்சலை விட்டுட்டீங்களா?"

"குளத்துல வேலை நடக்குது டாக்டர்."

"சீக்கிரம் முடிக்கச் சொல்லுங்க. இப்படியே இறுகிடுச்சுன்னா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது."

சரி என்று தலையாட்டினாள்.

கிளினிக்கில் பல் பிடுங்குகிற வேலைக்கு ஒரு இளம் டாக்டரை வைத்துக்கொண்டாள். தான் கீழ்வரிசையைச் சுத்தம் செய்வதும் பல்செட்டுக்கு அளவு எடுப்பதுமாக இருந்தாள். பிறகு வாரத்தில் மூன்று நாள் என்று ஆக்கிக்கொண்டாள். விடிகாலையில் மட்டும் உடம்பு பழைய நேரத்துக்கே விழித்துக்கொண்டது. எழுந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள். மேலே குளத்து மோட்டார் ஓடுவது சுவர் வழியாகக் கேட்கும்.

அவரும் அந்த நேரத்துக்கே எழுந்துவிடுவார். காபி போட்டு எடுத்துக்கொண்டு வந்து கதவைத் தட்டுவார்.

"முழிச்சிருக்கியா?"

"ம்."

"காபி."

"வெச்சுட்டுப் போங்க."

ஒருக்களித்த கதவுக்குள் கை மட்டும் வரும். ஸ்டூலின்மேல் கோப்பையை வைத்துவிட்டு, கதவை முன்னிருந்தபடியே சாத்திவிட்டுப் போவார்.